மூன்றாம் பக்கத்தில் இருந்த எண்கள்

என் அண்ணன் தன்னுடைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுப் பீரோவின் மேல் வைத்திருந்தார். 2020 நவம்பரில் அவருக்குச் சர்க்கரை நோய் என்று உறுதியான அன்று, அண்ணி அந்தப் பையை இறக்கி என் முன்னால் வைத்தார். வெறும் வயிற்றில் 168, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2. "போன வருஷம் வரைக்கும் ஒண்ணும் இல்லையே, திடீர்னு எப்படி இவ்வளவு ஏறும்?" என்று கேட்டார். பையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் அச்சானவை. சிலவற்றின் அடியில் 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் என் சுருக்கொப்பமே இருந்தது. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

அன்றிரவு கூடத்தில் பாயை விரித்து அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். ஒவ்வொன்றும் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் சர்க்கரை, இரண்டாவதில் ரத்த அணுக்கள், மூன்றாவதில் கொழுப்பும் கல்லீரலும், நான்காவதில் சிறுநீர். முதல் பக்கத்துச் சர்க்கரை எண்ணைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம் இருக்கும். அது நான் போட்டது. அறிக்கை வாங்க வரும்போதெல்லாம் அண்ணன் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "சுகர் எவ்வளவும்மா?" எங்கள் அப்பா சர்க்கரையால் கால் விரலை இழந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் வேறு எந்த எண்ணுக்கும் மதிப்புக் கிடையாது. 2011இல் 88, 2014இல் 94, 2017இல் 103, 2019இல் 119 என்று வட்டத்துக்குள் இருந்த எண்கள் சன்னமாக ஏறிக்கொண்டு வந்திருந்தன. மூன்றாம் பக்கங்களை மட்டும் தனியே பிரித்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2011இலேயே ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் ஹெச்டிஎல் 36. 2014இல் டிரைகிளிசரைடு 312, ஹெச்டிஎல் 34, கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 58, யூரிக் அமிலம் 7.4. சர்க்கரை வாய் திறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே மற்றவை பேசத் தொடங்கிவிட்டிருந்தன. அந்தப் பக்கங்களில் யாரும் பேனா வைக்கவில்லை.

இப்படிச் சில எண்கள் ஒரே ஆளிடம் கூடிவருவதை 1988இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ரீவன், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பான்டிங் சொற்பொழிவில் விரித்துரைத்து, 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். உயர் ரத்த அழுத்தம், ஏறிய டிரைகிளிசரைடு, இறங்கிய ஹெச்டிஎல், சர்க்கரையைக் கையாள்வதில் தடுமாற்றம் ஆகியவை தற்செயலாக ஓரிடத்தில் சேரவில்லை, அவற்றின் அடியில் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கீழ்ப்படியாத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, இருக்கிறது என்பதே அவருடைய வாதம். பின்னாளில் அது 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' ஆயிற்று. தமிழில் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு என்கிறோம். 2009இல் பல பன்னாட்டு அமைப்புகள் கூடி ஒத்துக்கொண்ட வரையறைப்படி ஐந்தில் மூன்று இருந்தால் போதும். டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ். ரத்த அழுத்தம் 130க்கு 85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இடுப்புச் சுற்றளவு நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எட்டியிருப்பது. அண்ணனின் இடுப்பை 2011இல் யாரும் அளக்கவில்லை என்றாலும், அந்த ஆண்டு என் மகளின் காதணி விழாவுக்கு அவருக்குக் கால்சட்டை தைத்த தையற்காரரின் சீட்டு அண்ணியிடம் இருந்தது. அதில் 38 அங்குலம் என்று இருந்தது, அதாவது 96 சென்டிமீட்டருக்கு மேல். கால்சட்டையைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர் என்பதால் உண்மை அளவு இன்னும் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். சர்க்கரை 88 என்று நான் வட்டம் போட்டுக் கொடுத்த அன்றே அவர் ஐந்தில் மூன்றைத் தொட்டுவிட்டிருந்தார்.

இந்தப் பெயரைச் சுற்றிச் சண்டை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து, தனித்தனியாக இந்த எண்களைப் பார்ப்பதைவிட ஒன்றாகக் கட்டிப் பெயர் சூட்டுவதால் நோயாளிக்கு என்ன கூடுதல் லாபம் என்று கேட்டன. இன்சுலின் எதிர்ப்பே முக்கியம், ஐந்தில் மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பதால் பயனில்லை என்று ரீவனும் எழுதினார். எனக்கு அந்தச் சண்டையில் பக்கம் எடுக்கத் தகுதியில்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் ஒன்று தெரிகிறது. பெயர் இல்லாத ஒன்றை யாரும் கேட்டு வாங்குவதில்லை. சர்க்கரைக்குப் பெயர் இருக்கிறது, "டிரைகிளிசரைடு எவ்வளவு?" என்று கேட்டு என் ஜன்னலுக்கு வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

சர்க்கரை ஏறாத நிலையில் டிரைகிளிசரைடு ஏன் ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இன்சுலினுக்குச் சர்க்கரையைக் கையாள்வது மட்டும் வேலை இல்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். கொழுப்புத் திசுவிடம் "இருப்பில் உள்ளதை வெளியே விடாதே" என்று கட்டளையிடுவதும் அதுதான். அந்தக் கட்டளை எடுபடாமல் போகும்போது, குறிப்பாக வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து, கொழுப்பு அமிலங்கள் வேளை கெட்ட வேளையில் கசிந்து கல்லீரலுக்குப் போகின்றன. வந்து குவிவதைக் கல்லீரல் என்ன செய்யும்? ஒரு பகுதியைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. மீதியை டிரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. அப்படி அனுப்பப்பட்ட துகள்கள் வழியில் ஹெச்டிஎல் துகள்களோடு சரக்கு மாற்றிக்கொள்கின்றன. டிரைகிளிசரைடை வாங்கிக்கொண்ட ஹெச்டிஎல் சீக்கிரமே சிதைந்து உடலை விட்டு வெளியேறுவதால் அதன் அளவு இறங்குகிறது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் இந்த இரட்டை, ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். இரண்டையும் வகுத்துப் பார்ப்பது எளிய கணக்கு. விகிதம் 3க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம் என்று ரீவனின் குழு 2003இல் எழுதியது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் இந்தக் கணக்குச் சரியாக வருவதில்லை என்பதால் இதை எல்லா மக்களுக்கும் பொது அளவுகோலாகக் கொள்ள முடியாது. அண்ணனுக்கு 2011இல் அது 5.9, 2014இல் 9.2.

இவ்வளவுக்குப் பிறகும் சர்க்கரை 88இல் நின்றது இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் உழைப்பால். ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை நியூயார்க்கின் பிராங்ஸ் படைவீரர் மருத்துவமனையில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கியபோது, வயது வந்தபின் சர்க்கரை நோய் கண்டவர்கள் பலரிடம் இன்சுலின் குறைந்திருக்கவில்லை, கூடுதலாகவே இருந்தது என்பது தெரியவந்து மருத்துவ உலகம் திகைத்தது. (பெர்சன் 1972இல் இறந்துவிட்டதால் 1977இன் நோபல் பரிசில் அவருக்குப் பங்கில்லாமல் போயிற்று.) உடல் பாதிக் காதில் கேட்கும்போது கணையம் இரண்டு மடங்கு குரல் கொடுத்து வேலையை முடிக்கிறது. 88 என்ற எண் பொய் சொல்லவில்லை. அந்த 88இல் நிறுத்த எவ்வளவு இன்சுலின் செலவாயிற்று என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரிட்டனின் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வின் முடிவுகள் 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. 6,538 பேரில் 505 பேருக்கு நீரிழிவு வந்தது. அவர்களுடைய பழைய அளவுகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, இன்சுலினுக்கு உடல் பணியும் தன்மை கண்டறிதலுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் செங்குத்தாகச் சரிந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ கடைசி மூன்று ஆண்டுகளில்தான் விறுவிறுவென்று ஏறியிருந்தது. அண்ணியின் 'திடீர்னு' என்ற சொல்லுக்கு அந்தக் கட்டுரையின் வரைபடமே பதில்.

அண்ணனின் 2014ஆம் ஆண்டு ரத்த மாதிரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரத்தத்தைச் சுழற்றியில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், அடியில் சிவப்பணுக்கள் உறைந்து நிற்க, மேலே சீரம் வெளிறிய வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டும். குழாயின் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். அண்ணனின் சீரம் அரிசி களைந்த நீர் போல் கலங்கியிருந்தது. அதன் வழியே எழுத்தைப் பார்க்க முடியவில்லை. டிரைகிளிசரைடு 300ஐத் தாண்டும்போது இந்தக் கலங்கல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஆயிரத்தைத் தாண்டினால் பால் போலவே ஆகிவிடும், எங்கள் இயந்திரங்கள் சில சோதனைகளைச் செய்ய மறுத்துவிடும். "ராத்திரி விருந்தா அண்ணே?" என்று தொலைபேசியில் கேட்டேன். "ரெண்டு தோசைதாம்மா" என்றார். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன், ஏனென்றால் அந்தக் கலங்கல் தோசைக் கல்லில் இருந்து வரவில்லை, கல்லீரலில் இருந்து வந்தது.

அதே அறிக்கையில் எல்டிஎல் 102 என்று இருந்தது, பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. கெட்ட கொழுப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர் ஒருவர் அவரை அனுப்பிவைத்தார். பெரும்பாலான பரிசோதனை நிலையங்களில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படுவதில்லை; 1972இல் ஃபிரீடுவால்டு முதலியோர் தந்த ஒரு கழித்தல் கணக்கில் கிடைக்கிறது. மொத்தக் கொழுப்பு 198. அதிலிருந்து ஹெச்டிஎல் 34ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 62ஐயும் கழித்தால் 102. டிரைகிளிசரைடு ஏற ஏறக் கழிக்கப்படும் தொகையும் ஏறுவதால், எல்டிஎல் பார்க்க அழகாக இறங்கிக்கொண்டே போகும். 400ஐத் தாண்டிய பிறகு இந்தக் கணக்கையே போடக் கூடாது. ஹெச்டிஎல்லை மட்டும் கழித்தால் வரும் 164தான் அன்று அவருடைய நாளங்களில் ஓடிய தீங்கான கொழுப்பின் உண்மையான தொகை. அதற்குத் தனிச் சோதனையோ கூடுதல் கட்டணமோ தேவையில்லை, ஒரு கழித்தல் போதும். இருந்தும் அந்த வரி எங்கள் அறிக்கையில் அப்போது கிடையாது.

எஸ்ஜிபிடி 58ஐப் பற்றி ஒரு கிளைக்கதை. அந்த எண்ணைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "குடிப்பீங்களா?" என்று. அண்ணன் வாழ்நாளில் பீர் வாசனைகூடப் பிடிக்காதவர். கோபித்துக்கொண்டு அந்த மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிட்டார். மது தொடாதவர்களுக்கும் கொழுப்பு தேங்கிக் கல்லீரல் வீங்கும் என்பது அப்போதும் தெரிந்த செய்திதான். ஆனால் அந்த நோயின் பெயரே 'மதுசாராத கொழுப்புக் கல்லீரல்' என்று, இல்லாத ஒன்றைச் சொல்லி அமைந்திருந்தது. 2023இல்தான் பன்னாட்டுக் கல்லீரல் அமைப்புகள் வளர்சிதை மாற்றக் கோளாறைப் பெயரிலேயே வைத்து அதை மாற்றின. ஒரு பெயர் ஒழுங்காக இருந்திருந்தால் என் அண்ணன் ஒரு நல்ல மருத்துவரை இழந்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

சர்க்கரை எண்ணுக்கே வருவோம். நான் பயிற்சிக்குச் சேர்ந்த 1998இல் எங்கள் ஊர்ப் பக்கம் பெனடிக்ட் கரைசல் இன்னும் புழக்கத்தில் இருந்தது. சோதனைக்குழாயில் நீலக் கரைசலோடு எட்டுச் சொட்டுச் சிறுநீரைவிட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினால், சர்க்கரைக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம் வரும். ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரகம் அதை வெளியே விடும் என்பதால், பச்சை தெரியும்போதே வெகு காலம் கடந்திருக்கும். இன்றைய ரத்தச் சோதனை அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதைக் கெடுக்கவும் வழிகள் உண்டு. "காபி மட்டும்தாம்மா குடிச்சேன்" என்று வெறும் வயிற்றுச் சோதனைக்கு வருபவர்கள் வாரத்துக்கு நான்கு பேராவது இருப்பார்கள். சாப்பிட்டபின் எடுக்கும் சோதனைக்கு, வழக்கமாக ஆறு இட்லி சாப்பிடுபவர் அன்று மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, வீட்டிலிருந்து நடந்தே வருவார். பரீட்சைக்குப் படிப்பதுபோல் சோதனைக்குத் தயாராகிறவர்கள் நாம்.

நோயாளி செய்யாத தவறும் ஒன்று உண்டு. எடுத்த ரத்தம் குழாயில் உயிரோடுதான் இருக்கிறது. அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன, சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளோரைடு போட்டிருக்கிறது. அதுவும் முழுதாகப் பிடித்து நிறுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 2017இல் அண்ணன் வேலை பார்த்த சங்கத்தில் நடந்த இலவச முகாமில் அவருக்குச் சர்க்கரை 91 என்று சீட்டுக் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்குச் சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தம் பந்தலடியில் மதியம்வரை இருந்து பிறகு வண்டி ஏறியதாக அவரே சொன்னார். இரண்டு வாரம் கழித்து எங்களிடம் முறையாக எடுத்தபோது 103. நாளுக்கு நாள் இயல்பான ஏற்ற இறக்கமும் இருப்பதால் முழுப் பழியையும் அந்தப் பந்தல் மேல் போட மாட்டேன். 103ஐக் கண்டு நாங்களும் எதையும் கிழித்துவிடவில்லை. எங்கள் அச்சில் இயல்பு வரம்பு 70 முதல் 110 வரை என்று இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 110ஐ எல்லையாகக் கொள்கிறது, அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100ஐ. அந்தப் பத்து எண் இடைவெளிக்குள் அண்ணன் இரண்டு ஆண்டுகள் 'நார்மல்' என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தார்.

இத்தனை தொல்லைகளுக்கும் தீர்வாக வந்தது ஹெச்பிஏ1சி. இதன் கதை தெஹ்ரானில் தொடங்குகிறது. 1960களில் அங்கே மாறுபட்ட ஹீமோகுளோபின் வகைகளைத் தேடிக்கொண்டிருந்த சாமுவேல் ரஹ்பர், சில நோயாளிகளின் ரத்தத்தில் விசித்திரமாக நகரும் ஒரு பட்டையைக் கண்டார். விசாரித்தால் அவர்கள் சர்க்கரை நோயாளிகளாக இருந்தார்கள். 1968இல் அதை எழுதினார். ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை எந்த நொதியின் துணையும் இல்லாமல் ஹீமோகுளோபினில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது அந்தச் சிவப்பணு இறக்கும்வரை போவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், ஒட்டியிருக்கும் விழுக்காட்டைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையை ஊகிக்கலாம். காபி குடித்தாலும், இரண்டு இட்லியோடு நிறுத்தினாலும் இது அசையாது. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கண்டறியவே இதைப் பயன்படுத்தலாம் என்றது; 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு.

ஆனால் இது சிவப்பணுவை நம்பி நிற்கும் சோதனை, நம் ஊரிலோ சிவப்பணுவே நலமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் சர்க்கரை ஏறாமலே ஹெச்பிஏ1சி கொஞ்சம் ஏறிக் காட்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டதும் இறங்கும். ரத்தம் இழந்தவர்கள், அணுக்கள் சீக்கிரம் சிதைகிறவர்கள் விஷயத்தில் இது தலைகீழாகி, இருக்கும் சர்க்கரையை மறைத்துவிடும். இரண்டாம் பக்கத்து ஹீமோகுளோபினைப் பார்க்காமல் முதல் பக்கத்து ஹெச்பிஏ1சியைப் படிப்பது எனக்கு இப்போது கூசுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

புதிய குறிகாட்டிகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதைக் கேட்டு வருபவர்களும் உண்டு. அவற்றில் எனக்கு உண்மையாகவே வியப்பளித்தது ஒன்றுதான். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் சர்க்கரை இயல்பாக இருந்த 2,422 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. ஐசோலூசின், லூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் என்ற ஐந்து அமினோ அமிலங்கள் ரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வருவது கணிசமாகக் கூடியிருந்தது. மூன்றை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டபோது மேல் கால்பங்கில் இருந்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல். இதைக் கேட்டுப் பருப்பைக் குறைத்துக்கொண்ட ஒருவரைச் சந்தித்தேன். அது தேவையற்ற தண்டனை. இன்சுலின் எதிர்ப்பு உள்ள உடலில் இவற்றைச் செலவழிக்கும் வழி மந்தப்படுவதே இந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது, சாம்பார் அல்ல. அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் தொப்பையோடு சேர்ந்து சற்று ஏறும். ஆனால் 1930இல் நிமோனியா நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட பொருள் அது; பல் வலிக்கும் ஏறும், காய்ச்சலுக்கும் ஏறும். இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிட வெறும் வயிற்று இன்சுலினைச் சர்க்கரையால் பெருக்கி 405ஆல் வகுக்கும் ஹோமா கணக்கு 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது, ஆய்வுக்கு நல்லது. ஒரே மாதிரியை இரண்டு நிலையங்களுக்கு அனுப்பினால் இன்சுலின் எண் ஒத்துவராது என்பதை அறிந்தவள் என்பதால், ஆயிரம் ரூபாயை நெருங்கும் அந்தச் சோதனையை நானாக யாருக்கும் சொல்வதில்லை.

நான் சொல்வது நாடாவைத்தான். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட்டில் தங்கள் இருவரின் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவரும் 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் பார்த்ததில்லை. எடை இயந்திரம் காட்டாததை 20 ரூபாய்த் தையல் நாடா காட்டிவிடுகிறது. கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கருத்துத் தடிப்பதும் பெரும்பாலும் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். பெண்பிள்ளைகள் அதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சை வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

முன்கூட்டியே தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அண்ணன் ஒருமுறை சலிப்போடு கேட்டார். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வெறும் பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் போனார்கள். உணவையும் நடையையும் முறைப்படுத்திக்கொண்டவர்களிடம் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. எல்லோரையும் காப்பாற்றும் எண் அல்ல இது, நான் அப்படிச் சொல்லி அவரை ஏமாற்றவும் இல்லை. ஆனால் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் இன்டியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு முன்நீரிழிவு என்று மதிப்பிட்டிருக்கும்போது, அந்த 28.5 சதவீதத்துக்குள் எத்தனை பேருடைய கால் விரல்கள் அடங்கும் என்று அப்பாவை நினைத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

போன வைகாசியில் அண்ணன் மகளை என்னிடம் கூட்டிவந்தார்கள். வயது 24, வேலைக்குச் சேரும் இடத்தில் உடல்தகுதிச் சான்று கேட்டிருந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 86. "நார்மல்தானே அத்தை?" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஹெச்பிஏ1சி 5.9 என்று வந்திருந்தது, ஆனால் ஹீமோகுளோபின் 9.8, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6; அந்த 5.9ஐ நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. மூன்றாம் பக்கத்தில் டிரைகிளிசரைடு 178, ஹெச்டிஎல் 41. இழுப்பறையில் இருந்து நாடாவை எடுத்தேன். கூச்சத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூச்சை விடச் சொல்லி அளந்தேன். 84.

மருத்துவர் குளுக்கோஸ் பானச் சோதனை எழுதிக் கொடுத்தார். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, குமட்டாமல் இருக்க எலுமிச்சை பிழிந்து கொடுத்தோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குள் குடித்தாள், பிறகு இரண்டு மணி நேரம் எங்கள் பெஞ்சில் செல்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தொடக்கத்தில் 86, ஒரு மணி நேரத்தில் 171, இரண்டு மணி நேரத்தில் 128. பழைய வரம்பின்படி இரண்டு மணி நேர எண் 140க்குக் கீழே இருப்பதால் அவள் தேறிவிட்டாள். 2024இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு ஒரு மணி நேர எண்ணைப் பார்க்கச் சொல்லி, 155 அல்லது அதற்கு மேல் போனால் அது இடைநிலைச் சர்க்கரை என்று வரம்பு வகுத்திருக்கிறது. மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினார். சாதத்தின் அளவையும் மாலை நடையையும் பற்றி அவளிடம் அரை மணி நேரம் பேசினார். மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சொன்னார்.

அன்று அறிக்கை வாங்க அண்ணன்தான் வந்தார். வட்டம் எதுவும் போடாமல் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு மூன்றாவதில் விரலை வைத்தார்.

"இது 178ஆ, 118ஆ? அச்சு சரியாத் தெரியலம்மா."

"178தாண்ணே."